முகாமுக்குப் பிந்தைய எட்டாம் நாள்

நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாம் முடிந்த ஊரில் எட்டாம் நாள் என்ன மிஞ்சியிருக்கிறது என்று கல்லூரி அனுப்பும் அறிக்கையில் எழுத இடமே இருப்பதில்லை. கலந்துகொண்ட மாணவர்கள் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் உழைத்தார்கள், எத்தனை மரக்கன்று நட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். நட்டதில் எத்தனை கன்று அடுத்த சித்திரை வெயிலைத் தாண்டியது என்பது இருக்காது. நம் கல்லூரிகளின் சமூகப் பணியில் உள்ள பெரிய குறை இந்தக் கணக்கிலேயே தொடங்குகிறது.

திட்டத்தின் பிறப்பைப் பார்த்தால் இது ஏன் என்று புரியும். 1959இல் சி.டி. தேஷ்முக் தலைமையிலான குழு, மாணவர்களுக்குக் கட்டாய தேச சேவை வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கு ஆகும் செலவு மலைக்க வைத்தது. பல நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த கல்வியாளர் கே.ஜி. சையிதைன், சேவை விருப்பத்தின் பேரில் இருப்பதே நல்லது என்றார். காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, அன்றைய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 40,000 மாணவர்களோடு இதைத் தொடங்கிவைத்தார். மாணவரின் குணத்தைச் சேவை வழியாக வளர்ப்பதுதான் அறிவிக்கப்பட்ட நோக்கம். அதாவது, ஆரம்பம் முதலே பயனாளி மாணவர். ஊர் அவருடைய பயிற்சிக் களம். இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் என்ற அளவுகோலும் மாணவர் பக்கத்து அளவுகோல்தான்.

அந்தப் பக்கத்துப் பயனைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. நகரத்துப் பிள்ளைக்குக் கிராமத்தைக் காட்டுவதாகத்தான் இத்திட்டம் பொதுவாகப் பேசப்படுகிறது. தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளின் நிலைமை வேறு. அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் கிராமத்திலிருந்தே பேருந்தில் வந்து போகிறவர்கள், வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள். வயலும் வாய்க்காலும் அவர்களுக்குப் புதிதல்ல. முகாமில் அவர்களுக்குக் கிடைப்பது வேறு: வேற்றுச் சாதியினரோடு ஒரே பந்தியில் ஒரு வாரச் சாப்பாடு, ஊராட்சித் தலைவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் போய்க் கேட்டு ஒரு காரியத்தை நடத்திக்கொள்ளும் துணிச்சல், மைக் முன்னால் நிற்கும் பழக்கம். உறவினர் வீடு தவிர வேறெங்கும் இரவு தங்கியிராத பெண்களுக்கு அந்த ஏழு நாட்கள் தரும் தன்னம்பிக்கையை எந்த வகுப்பறையும் தந்துவிடாது. இது ஒன்றுக்காகவே முகாம்கள் நடக்கலாம் என்று சொல்பவர்களோடு நான் பாதி உடன்படுகிறேன்.

மீதிப் பாதி ஊருடையது. முகாமில் நடக்கும் வேலைகளைப் பாருங்கள்: தெருக்கூட்டுதல், கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்தல், சீமைக் கருவேலம் வெட்டுதல், விழிப்புணர்வுப் பேரணி. இவற்றைச் செய்யக் கல்லூரிப் படிப்பு தேவையில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் பாதிக்கப்படுவது பல காலமாகத் தெரிந்த விஷயம். அங்கே வேதியியல் மாணவர்கள் துடைப்பத்தோடு போய்த் திரும்பினால், கல்லூரி ஆய்வகம் ஊருக்கு எதைக் கொடுத்தது? ஆழ்துளைக் கிணறுகளின் நீரைப் பருவத்துக்கு ஒருமுறை சோதித்து, எதைக் குடிக்கலாம், எதைக் குடிக்கக் கூடாது என்று எழுதிவைப்பது அவர்களுடைய பாடத்துக்குள்ளேயே அடங்கும். வணிகவியல் மாணவர்களால் மகளிர் சுயஉதவிக் குழுவின் கடன் கணக்கை உறுப்பினர்களோடு உட்கார்ந்து சரிபார்க்க முடியும். பாடமும் பணியும் ஒன்றையொன்று தொடுவதைத்தான் சேவைவழிக் கற்றல் என்கிறார்கள். தொடாவிட்டால் அது உடலுழைப்பு மட்டுமே. கற்றல் என்று அதற்குப் பெயரிட முடியாது.

தெருக்கூட்டும் வேலையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்தத் தெருவை நாள்தோறும் கூட்டுபவர்கள் ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள். அவர்களுக்கு என்ன சம்பளம், கையுறை கிடைக்கிறதா, ஊரின் எந்தப் பகுதியிலிருந்து வருகிறார்கள் என்ற கேள்விகள் ஒரு முகாமின் மாலை நேர உரையாடலுக்கு மிகப் பொருத்தமானவை. ஆனால் மாலையில் பெரும்பாலும் சிறப்பு விருந்தினர் உரையும் கலைநிகழ்ச்சியும்தான். முகாம் தங்குவது ஊர்ப் பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ என்பதால், தலித் மக்கள் வாழும் காலனித் தெரு ஒரு நாள் பேரணியின் வழித்தடமாக மட்டும் ஆகிவிடும் ஆபத்து உண்டு. சாதியைப் பேசாத சமூகப் பணி, தமிழ்நாட்டு ஊர் ஒன்றில் எந்தச் சமூகத்துக்கான பணி என்று கேட்கத் தோன்றுகிறது.

இதற்கெல்லாம் முகாமை நடத்தும் ஆசிரியர்களான திட்ட அலுவலர்களைக் குறை சொல்லி முடித்துவிடுவது நியாயமல்ல. முகாமுக்கு மாணவர் ஒருவருக்கு 450 ரூபாய் என்பதுதான் நீண்ட காலம் விதிக்கப்பட்டிருந்த தொகை. ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 65 ரூபாய்கூட வராது. சாப்பாடு, போக்குவரத்து, பொருட்கள் எல்லாம் அதற்குள். பற்றாக்குறையை ஆசிரியர் தன் கைப்பணத்திலோ ஊர்ப் பெரியவர்களின் தயவிலோ சரிக்கட்ட வேண்டும். அரிசி மூட்டை கொடுத்தவரின் தோட்டத்துப் பாதை முதலில் சீராகும். அதை யாரும் திட்டமிட்டுச் செய்ய வேண்டியதில்லை.

சரி, ஊர்ப்பக்கத்துப் பயனை அளக்க முடியுமா? முடியும் என்று காட்டிய திட்டம் தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. பெருந்தொற்றுக் காலக் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி, பல்கலைக்கழகத் திட்டம் அல்ல. அதன் தன்னார்வலர்கள் அந்தந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர்கள், பெரும்பாலும் பெண்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை நேரத்தில் பாடம் நடத்தினார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ ஆகிய பொருளாதார அறிஞர்கள் தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைச் சோதித்தனர். பள்ளி திறந்த ஆறு மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டிருந்தது. அந்த மீட்சியில் 24 விழுக்காடு இத்திட்டத்தால் விளைந்தது என்று கணித்தார்கள். தன்னார்வலர் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்பதோடு கணக்கு நிற்கவில்லை. குழந்தை எவ்வளவு கற்றது என்றும் பார்த்தார்கள். ஆள் அங்கேயே இருந்தார், அடுத்த நாளும் வந்தார் என்பது அந்தத் திட்டத்தின் பலம். ஏழு நாள் முகாம் அதனோடு போட்டியிட முடியாது. ஆனால் அதே ஊருக்கு வாராவாரம் போகும் கல்லூரியால் முடியும்.

இதற்கு நம்மிடம் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1956இல் சின்னாளப்பட்டிக்கு அருகே அமைத்த காந்திகிராம கிராமிய நிறுவனம், சுற்றுக் கிராமங்களையே பாடத்திட்டத்தின் பகுதியாக வைத்துக்கொண்டது. 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. அந்த முறையைப் பிற பல்கலைக்கழகங்கள் பாராட்டினவே தவிர பின்பற்றவில்லை. அவை எடுத்துக்கொண்டது எளிதான வடிவம்: விரிவாக்கப் பணி என்று ஒரு கிரெடிட், ஒரு சான்றிதழ், கல்லூரிகளை மதிப்பிடும் நாக் குழு வரும்போது காட்ட ஒரு கோப்பு. 2014இல் வந்த உன்னத் பாரத் அபியான், கல்லூரிக்கு ஐந்து கிராமங்கள் என்று தொடர்ச்சியை வலியுறுத்தியது நல்ல திருத்தம். வீடு வீடாக விவரம் திரட்டவும் சொன்னது. திரட்டிய விவரம் அந்த வீடுகளுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதை யார் உறுதிசெய்வது?

கிராம சபைதான் உறுதிசெய்ய வேண்டும் என்பேன். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. முகாமுக்கு முந்தைய கூட்டத்தில் திட்ட அலுவலரும் நான்கைந்து மாணவர்களும் போய், எங்களுக்கு இன்ன பாடம் தெரியும், உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்கட்டும். முகாமுக்குப் பிந்தைய கூட்டத்தில் செய்ததையும் செலவையும் வாசிக்கட்டும். ஓராண்டு கழித்து மூன்றாவது முறை போய், எது நிலைத்தது, எது பட்டுப்போனது என்பதை ஊரார் சொல்ல மாணவர்கள் எழுதிக்கொள்ளட்டும். அந்த ஒரு கிரெடிட்டை மூன்றாவது கூட்டத்துக்குப் பிறகு கொடுத்தால் போதும்.