சந்தைக் காசும் கதைப் பணமும்

நம் கதைகளிலும் கவிதைகளிலும் 'பணம்' என்ற சொல் வரும் இடங்களைச் சற்றுக் கவனித்துப் பார்க்கலாம். பெரும்பாலும் அது ஒரு குணத்தின் பெயராகவே வருகிறது. பணம் மனிதனைக் கெடுக்கிறது, உறவைப் பிரிக்கிறது, பணத்தின் முன் கலை மண்டியிடுகிறது, இந்த ரீதியில். எவ்வளவு, யார் கையிலிருந்து யார் கைக்கு, என்ன வார்த்தையைச் சொல்லி என்பதெல்லாம் எழுத்தில் ஏறுவது அபூர்வம். இதை வெறும் மொழிக் குறையாக நான் நினைக்கவில்லை. பார்வைக் குறை என்றே படுகிறது.

கொல்லிமலை அடிவாரத்தில், பேளுக்குறிச்சியில், சனிக்கிழமைச் சந்தை கூடுகிறது. மிளகு, சீரகம், கடுகு, வெந்தயம் என்று வருஷத்துக்கு வேண்டியதை வாங்கிப்போக வெளியூர் ஜனங்களும் வருகிறார்கள். (கொல்லிப்பாவையின் பெயரைச் சிறுபத்திரிகை ஒன்று சூடிக்கொண்டதுண்டு. பாவை இலக்கியத்துக்குள் வந்தாள். மலையடிச் சந்தை வரவில்லை.) அங்கே கொஞ்ச நேரம் காதைக் கொடுத்து நின்றபோது 'பணம்' என்ற சொல் என் காதில் விழவேயில்லை. காசு, ரூவா, சில்லறை, அச்சாரம், கைமாத்து, கொசுறு, இவைதாம் விழுந்தன. வாங்குகிறவள் 'விலை அதிகம்' என்று சொல்வதில்லை. 'எனக்குக் கட்டாதுங்க' என்கிறாள். விற்கிறவரும் அதே சொல்லைத் திருப்பித் தருகிறார்: 'அந்த வெலைக்குக் கட்டாதுங்க.' ஒரே வினைச்சொல் இரண்டு வீடுகளின் வரவுசெலவையும் சுமந்துகொண்டு போய்வருகிறது.

நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்றாகப் பிரிக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறிக்கு நாம் பள்ளிக்கூடத்தில் படித்த உதாரணம். காசைப் பற்றிய நம் பேச்சு முழுவதற்கும் இந்த மூன்று அறைகளே போதும்போல் இருக்கிறது. தானியம் அளக்கிறவர் முதல் படியை 'ஒன்று' என்று எண்ணமாட்டார், 'லாபம்' என்பார். விளக்கு வைத்த பிறகு காசு கொடுக்காத வீடுகள் உண்டு. மொய்யில் நூறோடு ஒரு ரூபாய் ஒட்டிக்கொள்கிறது. மாட்டுச் சந்தையில் தொகையே வாய்க்கு வராமல் துண்டுக்கடியில் விரல்களுக்குள் முடிந்துபோகிறது. வழக்கமானது என்று மட்டுமே பொருள்படும் 'மாமூல்' லஞ்சத்தைப் போர்த்திக்கொள்கிறது.

இவற்றில் என்னை அதிகம் நிறுத்தி வைப்பது கைமாத்து. அதுவும் கடன்தான். ஆனால் கடன் என்று சொல்லிவிட்டால் கொடுத்தவர் மேலே போய்விடுகிறார், வாங்கியவர் கீழே இறங்கிவிடுகிறார். மாற்று என்கிறபோது இரண்டு கைகளும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. வட்டிப் பேச்சும் எழுவதில்லை. இந்த ஒரு சொல்லில் இருக்கிற கூச்சத்தைச் சொல்ல நம் நாவலாசிரியர் அரைப் பக்கம் மனவோட்டம் எழுதுவார்.

'பணம்' பிறவியிலேயே கருத்துச் சொல் அல்ல. ஒரு காலத்தில் அது விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் சிறு பொன் நாணயத்தின் பெயர். துட்டு டச்சுக்காரர் செப்புக்காசின் பெயரிலிருந்து வந்தது என்கிறார்கள். சல்லி இலங்கையில் காசு என்றே பொருள்படுகிறது. இங்கே 'சல்லிக்காசு பெறாது' என்று மதிப்பின்மைக்கு அளவாகிவிட்டது. ஸ்தூலமாக இருந்தவற்றில் ஒன்றை மட்டும் எடுத்து, உலோகத்தை உருக்கிவிட்டு, நாம் தத்துவமாக்கி வைத்திருக்கிறோம்.

புதுமைப்பித்தனுக்கு இந்தக் குழப்பம் இல்லை. 'பொன்னகரம்' கதையில் அம்மாளுவுக்குக் கிடைப்பது முக்கால் ரூபாய். அந்த இடத்தில் 'பணம்' என்று எழுதியிருந்தால் கதை பிரசங்கமாகிப் போயிருக்கும். முக்கால் என்ற பின்னம்தான், பால் கஞ்சிக்கும் அவள் உடலுக்கும் நடுவே, நம்மை ஒதுங்கவிடாமல் பிடிக்கிறது. இன்றைய மதிப்பில் அது எவ்வளவு என்று கணக்குப் போட்டு விளக்கும் விமர்சகர்கள் கதையைக் கெடுக்கிறார்கள். கந்தசாமிப் பிள்ளையும் கடவுளைச் சந்திப்பதற்கு முன் காலணாக் கணக்கில்தான் நிற்கிறார்.

1957 ஏப்ரல் 1இல் நயா பைசா வந்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதால் ஓரணா நம் வாய்பாட்டு மாகாணியோடு அப்படியே பொருந்தியிருந்தது. நூறு பைசாக் கணக்கில் மாகாணிக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனால் இருபத்தைந்து பைசாவை நாலணா என்றே சொல்லிவந்தார்கள். அந்த நாணயம் செல்லாமல் போனது 2011 ஜூன் 30இல். சட்டம் கொன்ற சொல் ஐம்பத்துநான்கு வருஷம் வாயில் உயிரோடு இருந்திருக்கிறது. நம் எழுத்தில் அது இவ்வளவு பிடிவாதம் காட்டவில்லை.

கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வழக்குக்கும், பெருமாள்முருகன் 2000இல் கொங்கு வழக்குக்கும் அகராதி செய்தார்கள். பெரிய காரியங்கள். என்றாலும் அகராதி சொல்லைக் காப்பாற்றும். யார் யாரிடம் எந்தக் குரலில் சொன்னார் என்பது கதைக்காரனின் பொறுப்பு.

இப்போது கடைப் பலகையில் ஒரு சிறு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. செல்போனில் அனுப்பிய தொகையை அது உரக்கச் சொல்கிறது. பேரம் இன்னமும் வாயில்தான் நடக்கிறது; முடிந்த தொகை மட்டும் அடுத்த கடைக்கும் கேட்கிறது. பெட்டிக்கு இடக்கரும் இல்லை, மங்கலமும் இல்லை. இது நல்லதா கெட்டதா என்பதல்ல என் கேள்வி. துண்டுக்கடியில் இருந்தது தெருவுக்கு வந்துவிட்டதை யாராவது எழுத்தில் காட்டவேண்டும்.

இதைவிடக் கனமான விஷயம் ஒன்று உண்டு. வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் பெண்கள் யாருக்கும் தெரியாமல் சேர்ப்பதைச் சிறுவாடு என்கிறோம். அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் இருப்பது. கணவன் குடித்து அழிக்க முடியாத ஒரே காசு அது. 2016 நவம்பர் 8 இரவு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது அந்த முடிச்சுகளை அவிழ்த்தாக வேண்டியதாயிற்று. வங்கிக் கணக்கு இல்லாதவள், மாற்றித்தரச் சொல்லி அந்த நோட்டுகளைக் கணவன் முன்னாலேயே எடுத்து வைத்திருப்பாள். என்ன வார்த்தை சொல்லி வைத்தாள்? 'பணம்' என்று சொல்லியிருக்கமாட்டாள்.