யந்திரமும் மந்திரமும்

மரத்தின் ரேகையையும் இரும்பின் குளிர்ச்சியையும் கண்ணாலேயே தொட்டுணரும்படி தச்சுக் கருவிகளை விளாதீமிர் லேபெதெவ் வரைய, சாமுவீல் மார்ஷாக் பாட்டெழுதி, 1927-இல் வெளிவந்த 'இழைப்புளி இழைப்புளியைச் செய்த கதை' என்ற சிறு புத்தகத்தைப் பார்ப்பவர்களுக்கு, குழந்தை நூலென்றால் ராஜகுமாரனும் ராட்சசனும் இருந்தே தீரவேண்டும் என்ற சம்பிரதாயத்தை ருஷ்யர்கள் எவ்வளவு துணிச்சலோடு உதறினார்கள் என்பது விளங்கும். பாத்திரம் எங்கிருந்து வருகிறது, மின்சாரம் வீட்டுக்குள் எவ்வாறு நுழைகிறது என்ற கேள்விகளையே கதையாக்கிய இவ்வகை நூல்களுக்கு 'உற்பத்திப் புத்தகம்' என்று அவர்கள் பெயரிட்டார்கள். சில வர்ணங்களே கொண்ட மெலிந்த ஏடுகள்தாம். ஆயினும் அலங்காரத்துக்காக ஒரு கோடுகூட இடாமல், சித்திரத்தையே விளக்கமாக்கி, வாசிக்கும் சிறுவனைப் புத்திசாலியாகப் பாவித்த அந்த மரியாதையை நான் மிகவும் மதிக்கிறேன்.

சிறுவர்களுக்காகக் கப்பலைப் பற்றி எழுதியவர்களில் போரிஸ் ஷித்கோவுக்கு நிகராக ஒருவரைச் சொல்வது கடினம். கடலோடியாக வாழ்ந்து, கப்பல் கட்டும் சாஸ்திரத்தையும் முறையாகக் கற்று, நாற்பது வயதைக் கடந்தபின் எழுத்தாளராக அறிமுகமான அவர், 1924-இல் வந்த தம் முதல் தொகுதிக்கே 'பொல்லாத கடல்' என்று பெயர் சூட்டினார். அவர் கதைகளில் புயல் நிஜமானது. மனிதன் பயப்படுவான், தவறும் செய்வான்.

எல்லோரிடமும் இந்த நேர்மையை எதிர்பார்க்க முடியவில்லை. ஓவியர்களான சிச்சகோவா சகோதரிகளின் புத்தகங்களில் தொழிலாளி க்ஷேத்திரகணித வடிவமாகிவிடுகிறான். முகமில்லாதவனுக்கு முதுகுவலி ஏது? யந்திரம் வந்துவிட்டால் மந்திரம் ஓடிவிட வேண்டும் என்ற பிடிவாதமும் சேர்ந்துகொள்ள, 1928-இல் லெனினின் மனைவி குரூப்ஸ்காயாவே சுக்கோவ்ஸ்கியின் 'முதலை' என்ற குழந்தைக் கதைப்பாட்டைப் 'பிராவ்தா' பத்திரிகையில் கண்டித்தெழுதினார். மார்ஷாக்கின் 'தினேப்பருடன் யுத்தம்' அணை கட்டுவோரின் ஆவேசத்தை அற்புதமாகப் பாடுகிறது. நீரில் அமிழ்ந்த கிராமத்து ஜனங்களுக்கோ அந்த யுத்தத்தில் ஒரு வரியும் கிடைக்கவில்லை. விசித்திரம் என்னவென்றால், இந்த ஓவியர்களின் எளிமையைத் தன் கொள்கைக்குப் பயன்படுத்திக்கொண்ட அதே அரசின் பத்திரிகை, 1936-இல் லேபெதெவ் முதலியோரைக் கிறுக்கல்காரர்கள் என்று இகழ்ந்தது.

பின்னாளிலும் இதே கதைதான். உலகின் முதல் அணுசக்திப் பனியுடைப்புக் கப்பலான 'லெனின்' 1959-இல் பணியில் சேர்ந்ததும் சோவியத் சிறுவர்களின் கதாநாயகனாயிற்று. 1965-இலும் 1967-இலும் அதன் உலையில் விபத்து நேர்ந்து, அந்தப் பகுதியையே கழற்றிக் காரா கடலில் அமிழ்த்திய சமாசாரம் நெடுங்காலம் அரசாங்க ரகசியமாகவே இருந்தது. கொதிகலனின் உட்புறத்தை வெட்டிக் காட்டினால் புரிந்துகொள்வான் என்று எந்தச் சிறுவனை நம்பினார்களோ, அவனிடம் அந்த அணு உலை எப்படிக் கசிந்தது என்பதையும் தாராளமாகச் சொல்லியிருக்கலாம். 1938-இல் காலமான ஷித்கோவ் உயிரோடிருந்து, எழுதவும் அனுமதிக்கப்பட்டிருந்தால், கதையை அந்தக் கசிவிலிருந்துதான் தொடங்கியிருப்பார்.