ஐந்து விரலில் அடங்கும் பாட்டு

பியானோ கற்கத் தொடங்கிச் சில வாரங்களே ஆன ஒருவரிடம் டிசம்பர் மாதத்தில் எதையாவது வாசித்துக் காட்டச் சொன்னால், அநேகமாக 'ஜிங்கிள் பெல்ஸ்' பல்லவிதான் வரும். கற்பவர் ஏழு வயதுப் பிள்ளையானாலும் நாற்பது வயதுக்காரரானாலும் இதுதான் வழக்கம். தெரிந்த பாட்டு, எளிய பாட்டு, பண்டிகைக்குள் தேறிவிடலாம். இந்த வழக்கம் நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் அதைப் பரிந்துரைப்பவர்கள் முதலில் சொல்லும் காரணமான எளிமை, அதன் நிறைகளில் மிகச் சிறியது. குறைகளில் பெரியது பிறப்பதும் அந்த எளிமையிலிருந்துதான்.

முதலில் அந்த எளிமை எப்படி அமைந்திருக்கிறது என்று பார்க்கலாம். வலது கையின் கட்டைவிரலை மிடில் சி-யில் வைத்து, மற்ற நான்கு விரல்களையும் அடுத்தடுத்த வெள்ளைக் கட்டைகளில் வைத்தால் சி, டி, இ, எஃப், ஜி. நம் கணக்கில் ச ரி க ம ப. பல்லவி முழுவதும் இந்த ஐந்துக்குள் முடிந்துவிடுகிறது. தொடக்கத்தில் வரும் ஏழு சுரமும் ஒரே காந்தாரம். பிறகு பஞ்சமத்துக்கு ஏறி, சட்ஜத்துக்குத் தாவி, ரிஷபம் வழியாகக் காந்தாரத்துக்கே திரும்புகிறது. கை ஓரிடத்தில் நின்றால் போதும். இடது கையையும் அதே ஐந்து கட்டைகளின் கீழ்ஸ்தாயியில் வைத்தால், சுண்டுவிரலில் சி, ஆள்காட்டி விரலில் எஃப், கட்டைவிரலில் ஜி கிடைக்கும். பல்லவிக்குத் துணையாக ஒலிக்க இந்த மூன்று அடிச்சுரங்களே போதும். இரண்டு கையும் இடம்பெயராமல் ஒரு முழுப் பல்லவி! தொடக்கப் பாடத்துக்கென்றே யாரோ திட்டமிட்டு எழுதியதுபோல் இருக்கிறது.

அப்படி யாரும் எழுதவில்லை. ஜேம்ஸ் லார்ட் பியர்பான்ட் 1857-இல் பாஸ்டனில் இதை வெளியிட்டபோது தலைப்பே வேறு. குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டியைப் பற்றிய பாட்டு அது. கிறிஸ்துமஸ் என்ற பேச்சே அதில் கிடையாது. அன்றைய அச்சுப் பிரதியில் உள்ள பல்லவியின் மெட்டும் இன்று நாம் பாடுவது அல்ல. பாடிப் பாடித்தான் இன்றைய எளிய வடிவம் உருவாகி நிலைத்தது. 1965 டிசம்பரில் ஜெமினி 6 விண்கலத்திலிருந்து வால்டர் ஷிரா ஒரு குட்டி மவுத் ஆர்கனில் இதை வாசிக்க, தாமஸ் ஸ்டாஃபோர்ட் சிறு மணிகளைக் குலுக்கினார். நாலே துளை உள்ள அந்தக் கருவியில் எட்டே சுரம்தான் உண்டு. அதிலும் இந்தப் பாட்டு உட்கார்ந்துவிட்டது.

இனி நிறைக்கு வருவோம். வாரத்துக்கு ஒருநாள் அரைமணி நேரம் ஆசிரியர் முன்னால் இருக்கும் மாணவர், மற்ற ஆறு நாளும் தனியாகத்தான் வாசிக்கிறார். அவருக்குத் தெரியாத ஒரு பயிற்சியைக் கொடுத்தால், திங்கட்கிழமை தப்பாகப் படித்த ஒரு சுரம் ஞாயிறுவரை தப்பாகவே பதிந்துவிடும். கண்டுபிடித்துச் சொல்ல வீட்டில் ஆளில்லை. தெரிந்த பாட்டு அப்படியல்ல. விரல் எஃப்-புக்குப் பதில் ஜி-யில் விழுந்த கணமே முகம் சுளிக்கிறது, கை தானே திருத்திக்கொள்கிறது. காது வீட்டிலேயே குடியிருக்கும் ஆசிரியராகிவிடுகிறது. தொடக்கநிலை மாணவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

அதே காது கண்ணைத் தூங்க வைத்துவிடுகிறது என்பதுதான் சிக்கல். பல்லவியின் மூன்றாவது அளவில் (பார்), சட்ஜத்திலிருந்து ரிஷபத்துக்குப் போகும் இடத்தில் ஒரு நீட்டல் உண்டு. சட்ஜம் ஒன்றரை எண்ணிக்கை நிற்கும், ரிஷபம் அரை எண்ணிக்கையில் தொட்டுக்கொண்டு போகும். தொடக்கநிலைப் பதிப்புகள் சில, அந்த நீட்டலைக் கற்பிக்கும் நாள் இன்னும் வரவில்லை என்று, நான்கு சுரத்தையும் சமமாகவே அச்சிடுகின்றன. மாணவர் என்ன செய்கிறார்? சமமாக எழுதியிருப்பதைப் பார்த்தபடியே, நீட்டி வாசிக்கிறார். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது, ஆசிரியரும் தலையசைத்துவிடுகிறார். உண்மையில் அந்த இடத்தில் வெளிப்பட்டது, மாணவர் ஏட்டைப் படிக்கவே இல்லை என்பது. இன்னொரு பதிப்பில் நீட்டல் சரியாகவே எழுதப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: அவர் படித்து வாசித்தாரா, நினைவிலிருந்து வாசித்தாரா என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

சுரக்குறிப்பின் தலையில் விரல் எண்களை எழுதித் தருவதும், கட்டைகளில் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டுவதும் இந்தக் குறையைப் பெருக்குகின்றன. மூன்று என்றால் இ, ஐந்து என்றால் ஜி என்று மனத்தில் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. விரலுக்கும் சுரத்துக்கும் பிறவிப் பந்தம் எதுவும் இல்லை, கை நகர்ந்தால் எல்லாம் மாறும் என்பது பியானோவின் அரிச்சுவடி. கை நகரவே தேவையில்லாத ஒரு பாட்டு அந்த அரிச்சுவடியை எப்படிக் கற்பிக்கும்?

ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் இதற்கு வேறு வழி கண்டார். 1926 முதல் 1939 வரை அவர் எழுதிய 'மைக்ரோகாஸ்மாஸ்' ஆறு தொகுதி, 153 உருப்படிகள். முதல் இரண்டு தொகுதிகள் மகன் பீட்டருக்கு அர்ப்பணிக்கப்பட்டவை. தொடக்க உருப்படிகளில் அங்கும் ஐந்து விரல்தான், இரு கையும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கின்றன. ஆனால் காதுக்குப் பழகாத மெட்டுகள். படித்தே ஆகவேண்டும். கண் பயிற்சிக்கு அதற்கு இணை குறைவு. நம் சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் இதே நோக்கம் கொண்டவைதான். பாட்டு பிறகு, முதலில் சுரம். இந்த முறையின் கண்டிப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் அதை மட்டுமே நம்பச் சொல்ல மாட்டேன். அந்தப் பயிற்சியைத் தாத்தா பாட்டியிடம் ஓடிப்போய் வாசித்துக் காட்டும் பிள்ளையைக் காண்பது அரிது. கேட்க ஆளில்லாத இசையை வளரும் வயதில் நெடுநாள் செய்துகொண்டிருப்பது கடினம்.

'ஜிங்கிள் பெல்ஸ்' பல்லவிக்குக் கைப்பழக்கத்தில் இன்னொரு குறையும் உண்டு. ஒரே விரல் ஒரே கட்டையை ஏழுமுறை தட்டுவது பார்வைக்குத்தான் சுலபம். பியானோவில் ஒரு கட்டையைத் திரும்ப ஒலிக்க, அது ஓரளவாவது மேலே எழ வேண்டும். பியானோ தயாரிப்பாளர் செபாஸ்டியன் எரார் உருவாக்கி, 1821-இல் காப்புரிமை பெற்ற பொறியமைப்பே, கட்டை முழுதும் எழாமலே மீண்டும் தட்ட முடியவேண்டும் என்பதற்காகத்தான். தொடக்கநிலை விரலோ எழாமல் அழுத்திக்கொண்டே இருக்கும், மணிக்கட்டு இறுகும், ஏழு சுரமும் சுத்தியல் அடிபோல் ஒரே கனத்தில் விழும். இலேசான கட்டைகள் கொண்ட 61 கட்டைக் கீபோர்டில் இந்த இறுக்கம் வெளியே தெரியாது. நிஜப் பியானோவில் அமர்ந்த அன்று தெரியும். பாடுபவர் ஒருவரும் அந்த ஏழையும் ஒரே கனத்தில் பாடுவதில்லை. முதல் சுரத்தில் அழுத்தம், அடுத்ததில் தளர்வு, மூன்றாவதில் நிற்றல். முதலில் வாயால் பாடவைத்து, அந்த ஏற்ற இறக்கத்தை விரலுக்கு இறக்கினால் மணிக்கட்டும் தளரும், பாட்டும் பாட்டாகும்.

பாடுவது என்றதும் இந்த வழக்கத்தின் தலையாய நிறை வந்துவிடுகிறது. பண்டிகைப் பாட்டுக்கு ஒரு நாள் உண்டு, அன்று கூடப் பாட ஆட்கள் உண்டு. தனியாக வாசிக்கும்போது தப்பு வந்தால் நிறுத்தி, முதலிலிருந்து தொடங்கலாம். தொடக்கநிலை மாணவர் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள், அதனால்தான் எந்தப் பாட்டிலும் முதல் நான்கு அளவு மட்டும் அவர்களுக்கு நன்றாக வருகிறது. பத்துப்பேர் பாடத் தொடங்கிவிட்டால் அவர்கள் நமக்காக நிற்கமாட்டார்கள். தவறிய சுரத்தை விட்டுவிட்டு அடுத்த அளவில் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். நம் ஊர்த் திருச்சபைகளில் டிசம்பர் இரவுகளில் வீடு வீடாகப் போகும் கீதபவனிக்குக் கீபோர்டு வாசித்துப் பழகியவர்களைக் கவனித்தால் தெரியும். ஏடு படிப்பதில் பின்தங்கியிருந்தாலும் தாளத்தில் அவர்கள் தடுமாறுவதில்லை. ஒரு வருஷத்துப் பயிற்சி தராத இந்தத் துணிவை ஒரு மாலை தந்துவிடும். ஆகவே பாட்டு எளிதாக இருக்கவேண்டியது, கற்பவர் விரைவில் முடித்துவிட்டு மகிழ்வதற்காக அல்ல. பாடுகிற கூட்டத்தோடு சேர்ந்து ஓடுவதற்காக. யாரும் பாடாத அறையில், கைப்பேசியில் படம்பிடிப்பதற்காக மட்டும் வாசிக்கப்படும்போது இந்த வழக்கம் தன் பாதிப் பயனை இழந்துவிடுகிறது.

எளிய கிறிஸ்துமஸ் பாட்டு என்ற ஒரே பட்டியலில் எல்லாவற்றையும் போடுவதும் தவறு. 'சைலன்ட் நைட்' மெதுவான பாட்டு என்பதால் எளிது என்று கொடுத்துவிடுகிறார்கள். 1818-இல் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ஃபில் ஃபிரான்ஸ் சாவர் குரூபர் கிட்டார் துணையோடு பாடுவதற்காக அமைத்த அந்த மெட்டு, பதினொரு வெள்ளைக் கட்டை அகலம் விரிகிறது. ஐந்து விரலில் நின்று பழகிய கைக்கு அது பெரிய தாவல். 'ஜாய் டு தி வேர்ல்ட்' பாட்டின் முதல் வரி மேல் சட்ஜத்திலிருந்து கீழ்ச் சட்ஜம்வரை ஒரே இறக்கம். சுண்டுவிரலில் தொடங்கிக் கட்டைவிரலுக்கு வந்ததும் இன்னும் மூன்று சுரம் மீதி இருக்கும். நடுவிரல் கட்டைவிரலைத் தாண்டி மேலே வந்தால்தான் முடியும். கை நகர்வதைக் கற்பிக்க இரண்டாவது பாட்டாக இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

முதல் பாட்டிலேயே கூட அந்த வழி திறந்திருக்கிறது. 'ஜிங்கிள் பெல்ஸ்' சரணம் தொடங்குவது கீழ் பஞ்சமத்தில். ஐந்து விரலுக்கு வெளியே. அதனால்தான் தொடக்கப் புத்தகங்கள் பல்லவியோடு நிறுத்திக்கொள்கின்றன, பாட்டும் டிசம்பரோடு மூடிவைக்கப்படுகிறது. ஜனவரியில்தான் அந்தப் பல்லவியை மீண்டும் எடுக்க வேண்டும் என்பேன். ஏடு இல்லாமல், விரல் எண் இல்லாமல், ஸ்டிக்கரை உரித்துவிட்டு, முதலில் ஜி-யைச் சட்ஜமாக வைத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். எல்லாம் வெள்ளைக் கட்டைகளே, சிரமம் இருக்காது. அடுத்தது டி. கட்டைவிரலை டி-யில் வைத்து வெள்ளைக் கட்டைகளில் தொடங்கினால், நடுவிரல் ஏழுமுறை தட்டும்வரை ஒன்றும் தெரியாது; பஞ்சமத்துக்கு ஏறிச் சட்ஜத்துக்குத் தாவி நடுவிரலுக்கே திரும்பும்போது பாட்டு சோகமாக ஒலிக்கும். காது ஒப்பாது. யாரும் சொல்லாமலே அந்த விரல் மேலே தேடி எஃப் ஷார்ப் என்னும் கறுப்புக் கட்டையைக் கண்டுபிடிக்கும்.