படத்தில் கருவும் பாட்டில் உரியும்

இளங்கவிஞர் ஒருவரின் சொந்தக் கவிதைகள், அவர் படித்த நூல்களைப் பற்றிய குறிப்புகள், பயணங்களில் எடுத்த ஒளிப்படங்கள் ஆகிய மூன்றும் ஒரே தொகுப்புக்குள் வரும்போது, கவிதையைத் தலைமையாகவும் மற்ற இரண்டையும் துணையாகவும் வைத்துப் பார்ப்பதே வழக்கம். அவை ஒன்றையொன்று எவ்வாறு தாங்குகின்றன என்று அறியத் தமிழிலேயே ஓர் அளவுகோல் உண்டு. தொல்காப்பியத்தின் அகத்திணையியல், பாடலில் பயில்வனவற்றை மூன்றாக வகுக்கிறது: நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்நிலத்துக்குரிய புள், மரம், உணவு, தொழில் முதலியன கருப்பொருள், புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் ஆகிய மன ஒழுக்கங்கள் உரிப்பொருள். இவற்றுள் முன்னதைவிடப் பின்னது சிறந்தது என்பது அந்நூலின் முடிவு. ஒளிப்படக் கருவி முதற்பொருளையும் கருப்பொருளையும் நொடியில் பிடித்துவிடும். உரியைக் கவிதைதான் கொண்டுவர வேண்டும். கவிதைக்கு அந்தத் திறத்தைப் பழக்குவது வாசிப்பு.

கொச்சி இதை ஆராய ஏற்ற ஊர். எர்ணாகுளத்தின் பிராட்வே, துணியும் பாத்திரமும் மளிகையும் நெருக்கியடித்து விற்கும் பழைய கடைத்தெரு; அங்கிருந்து படகுத்துறைக்கு நடந்தே போய்விடலாம்; படகேறிக் காயலைக் கடந்தால் ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் வந்துவிடுகின்றன. கருவியோடு வரும் இளைஞர் எவரும் முதலில் எடுப்பது ஃபோர்ட் கொச்சிக் கரையில் உள்ள சீன வலையை, அதுவும் அந்திச் சிவப்பின்முன் கருநிழலாக. அந்தப் படத்தில் வலை இருக்கிறது. வலையின் வேலை இல்லை. சற்றே அருகில் சென்றால், மரச்சட்டத்தின் பின்புறத்தில் வெவ்வேறு நீளமுள்ள கயிறுகளில் பெருங்கற்கள் தொங்குவது தெரியும். வலை மேலெழும்போது அக்கற்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேடையில் அமர்ந்து, பாரத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, முழு அமைப்பையும் சமநிலையில் நிறுத்துகின்றன. ஒரு கல் மேடையைத் தொட்டு அடுத்த கல் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் கணத்தைப் பிடித்த படம், வலையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத பிரிவுக் கவிதை ஒன்றின் பக்கத்தில் நிற்கத் தகுந்தது. கருப்பொருளின் செய்கைக்குள் சொல்லாத உணர்வை வைத்துக் காட்டும் முறையைப் பழந்தமிழர் உள்ளுறை என்றனர். படத்துக்கும் அது பொருந்தும்.

இதற்குச் சிறந்த முன்மாதிரி இதே கடற்கரையைப் பற்றிய பாடலிலேயே இருக்கிறது. எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடிய அகநானூறு 149ஆம் பாடல், யவனரின் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பும் முசிறியை ஆற்று நுரை கலங்கக் காட்டுகிறது. வரலாற்று நூல்கள் ஓயாது எடுத்தாளும் செய்தி இது. ஆனால் அப்பாடல் பாலைத்திணையைச் சேர்ந்தது என்பதையும், பெரும்பொருளே கிடைப்பதாயினும் தலைவியின் கண்களை நீங்கி வரமாட்டேன் என்று தலைவன் தன் நெஞ்சிடம் மறுத்துரைப்பதே அதன் உயிர் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. அத்தனை பெரிய துறைமுகமும், போக மறுக்கும் ஒரு நெஞ்சுக்குப் பின்புலமாகிவிடுகிறது! எர்ணாகுளத்துக்கு வடக்கே, பறவூரை அடுத்து, முசிறி இருந்த இடமாகக் கருதப்படும் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் கிடைத்த மதுச்சாடி ஓடுகளைப் படமெடுக்கும் இளைஞர் இப்பாடலைப் படித்திருந்தால், அவர் எழுதும் கவிதை ஓடுகளை விவரிப்பதோடு நின்றுவிடாது.

படித்த இடத்தைத் தேடிப் போவது வேறு மரபுகளிலும் உண்டு. ஜப்பானியக் கவிஞர் பாஷோ 1689இல் வடதிசைக்கு மேற்கொண்ட நெடும்பயணத்தில், முன்னோர் கவிதைகளில் பெயர்பெற்ற இடங்களைத் தேடிச் சென்று, உரைநடையும் ஹைக்கூவும் கலந்து எழுதினார். தமிழரின் பாடல் பெற்ற தலங்களை நினைவூட்டும் வழக்கம் இது. போகுமுன் படித்தவர் ஓரிடத்தில் இருப்பதோடு இல்லாததையும் காண்கிறார்.

வாசிப்பு மட்டுமே நிலத்தைத் தந்தால் என்ன ஆகும் என்பதற்கு எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்த இடப்பள்ளிக் கவிஞர் சங்ஙம்புழ கிருஷ்ண பிள்ளை சான்று. நண்பரும் கவிஞருமான இடப்பள்ளி ராகவன் பிள்ளை 1936இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டபின், இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத சங்ஙம்புழ ‘ரமணன்’ என்னும் கையறுநிலைக் காவியத்தை எழுதினார். அதில் வரும் ஆட்டிடையரும் பசும்புல் மலைச்சாரலும் ஐரோப்பிய ஆயர்பாட்டு மரபிலிருந்து, அதாவது நூல்களிலிருந்து வந்தவை. இடப்பள்ளியின் சேறும் நீரும் அங்கே அதிகம் இல்லை. கரு இரவல், உரி முழுக்கச் சொந்தம். அதனால்தான் அந்நூலை மலையாளிகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்தார்கள். வரிசையில் பின்னது சிறந்தது என்ற தொல்காப்பிய முடிவுக்கு இதைவிட வலுவான சான்று தேட வேண்டியதில்லை. ஊர் ஊராகப் பல ஆண்டுகள் அலைந்து திரும்பி எர்ணாகுளத்தில் புத்தகக் கடை நடத்திய எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரோ இதற்கு மறுமுனை. அவருடைய கருப்பொருளில் இரவல் என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு.

கருவி கையிலிருப்பவருக்குக் கரு எளிதில் சொந்தமாகிவிடுகிறது. ஆபத்து வேறிடத்தில், படத்துக்குள் தம்மையே நிறுத்திக்கொள்ளும் ஆசையில் இருக்கிறது. ஏ. கே. செட்டியார் இளமையிலேயே டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக் கலை பயின்றவர். உலகெங்கும் அலைந்து சேர்த்த காட்சிகளைக் கொண்டு 1940இல் காந்தி ஆவணப்படத்தை வெளியிட்டவர். கவிதை எழுதாத அவரை இங்கே நினைக்கக் காரணம் அவருடைய அடக்கம்: தம் பயண நூல்களில் தம்மை மிகக் குறைவாகவே காட்டினார்; பிறர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளைத் தேடித் தொகுத்தார். பயணியாகவும் வாசகராகவும் ஒருசேர வாழ்ந்த அவரை இளங்கவிஞர்கள் அவசியம் படிக்க வேண்டும். மட்டாஞ்சேரியில் பிறந்த ஒளிப்படக் கலைஞர் அபுல் கலாம் ஆசாத், திருவண்ணாமலையில் தங்கி, ‘ப்ராஜெக்ட் 365’ என்ற கூட்டுப் பணியின் வழியாகப் பழந்தமிழகத்தின் மாறிவரும் வாழ்வைப் படங்களில் சேமித்ததும் இந்த மரபின் தொடர்ச்சியே.

ஃபோர்ட் கொச்சியின் தோபி கானாவில் தலைமுறைகளாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள், இரண்டு கயிறுகளை ஒன்றாக முறுக்கிக் கட்டி, அந்த முறுக்கின் இடுக்கில் துணியின் நுனியைச் செருகி, கிளிப் இல்லாமலே காற்றில் நிறுத்துகின்றன. வெள்ளை விரிப்புகளின் வரிசையை எவரும் எடுத்துவிடலாம். எடுக்க வேண்டியது அந்த முறுக்கு. எடுத்தபின் அதன்கீழ் முறுக்கைப் பற்றியே கவிதை எழுதினால், ஒன்றை இருமுறை சொன்னதாகும்; படமும் கெடும், பாட்டும் கெடும். தாய்மொழி ஒரு மண்ணிலும் பிழைப்பு இன்னொரு மண்ணிலுமாக வாழும் ஒருவரின் இருத்தலைப் பற்றிய கவிதையை எதிர்ப்பக்கத்தில் அச்சிட்டு, இரண்டுக்கும் தலைப்பிடாமல் விட்டுவிடுவதே சிறந்த தொகுப்புமுறை. இணைக்கும் வேலை வாசகருடையது.