விருந்தாளி என்னும் சொல்

உம்ரா முடித்துத் திரும்பிய மாமியைப் பார்க்கப் போயிருந்தேன். 'நடந்துபோகும் தூரம்' என்று சொல்லப்பட்ட விடுதியிலிருந்து ஹரமுக்கு பஸ்ஸில்தான் போயிருக்கிறார். நாலு பேர் அறையில் ஏழு பேர். 'கம்பெனிக்காரர்ட்ட கேட்டீங்களா மாமி?' 'அல்லாஹ் வீட்டுக்குப் போயிட்டு வந்து கணக்குப் பேசுனா நன்மை போயிரும்ப்பா. சபுர் செய்யணும்.'

அந்த நிறுவனத்தின் துண்டறிக்கையை ஒரு பிரதியாக வாசித்துப் பார்த்தேன். பணம் கட்டுபவர் அதில் எங்குமே வாங்குபவர் அல்ல, 'அல்லாஹ்வின் விருந்தாளி'. நிறுவனம் விற்பதில்லை, 'கித்மத்' செய்கிறது. விருந்துக்குப் போனவர் கணக்குக் கேட்பாரா? உரிமையைப் பறிக்க இந்த ஒரு சொல் போதும். விடுதியின் தூரம் மீட்டரில் இல்லை. 'அருகில்' என்றிருக்கிறது.

இதற்கு மார்க்கத்தில் இடமுண்டா? ஹஜ் பயணத்தில் வியாபாரம் செய்வதைக் குர்ஆன் (2:198) குற்றமாக்கவில்லை. ஆக, லாபம் பிரச்சினையல்ல. குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) பேசுவது கொடுக்கல்வாங்கலை எழுதி வைப்பது பற்றி. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபிகள், நனைந்ததை மேலே வைக்காத வியாபாரியைக் கண்டித்ததாக ஹதீஸ் உண்டு. பண்டம் எது, எப்படிப்பட்டது என்று தெளிவில்லாத விற்பனையை 'கரர்' என்று ஃபிக்ஹு தடுக்கிறது. 'அருகில்' என்ற சொல்லும் அடியில் மறைத்த ஈரத் தானியம்தான்.

மாமி இழந்தது கொஞ்சம் சௌகரியம். பக்தியை நம்பி நடக்கும் வியாபாரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இந்தோனேசியாவின் 'ஃபர்ஸ்ட் டிராவல்' சாட்சி. மிகக் குறைந்த கட்டணத்தில் உம்ரா என்று விளம்பரம் செய்து, பின்னால் சேர்ந்தவர் பணத்தில் முன்னால் சேர்ந்தவரை அனுப்பியது அது. போய் வந்தவர்களின் ஆனந்தக் கண்ணீரே அடுத்த விளம்பரம். 2017இல் உரிமம் ரத்தானபோது 60,000க்கும் மேற்பட்டோர் பணத்தைக் கட்டிவிட்டு நின்றார்கள். 2018இல் உரிமையாளர்களுக்குச் சிறைத்தண்டனை. ஆனால் பறிமுதலான சொத்துகள் அரசுக்கு என்றுதான் முதலில் தீர்ப்பாயிற்று. ஏமாந்தவர்களுக்கே தரவேண்டும் என்ற தீர்ப்பு வர 2022 ஆகிவிட்டது.

'நம்ம ஆட்களை நாமே காட்டிக்கொடுக்கலாமா?' என்கிறார்கள் தோழர்கள். பெரும்பான்மைவாதத்தின் முன் நிற்கும் சமூகத்தின் இந்த அச்சம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த மௌனத்துக்கு விலை கொடுப்பது யார்? சீட்டுக் கட்டியும் நகை விற்றும் பணம் சேர்க்கிற மாமிகள்தானே. சபுர், கஷ்டத்தைத் தாங்குகிறவருக்குச் சொன்னது. கஷ்டத்தை விற்றவருக்குக் கவசமாகச் சொன்னதல்ல.

மாமியிடம் ரசீதைக் கேட்டேன். 'அதெல்லாம் எழுதித் தரலப்பா, நம்பிக்கைதானே' என்றார். தூரம், அறை, பணம் திரும்பும் விதம், எல்லாவற்றையும் எழுதி வாங்குவது ஈமான் குறைவல்ல. அந்த நீண்ட வசனம் சொல்வதும் அதைத்தான்.