துறந்த முடியும் துறவாத பெயரும்: இரு அரச தன்வரலாறுகள் பற்றிய நோக்கு

அரச குடும்பத்திற் பிறந்த ஒருவர் தம் கடமைகளிலிருந்து விலகும்பொழுது எழும் விவாதம் பெரும்பாலும் இரு சொற்களைச் சுற்றியே நிகழ்கின்றது. ஒன்று கடமை, மற்றொன்று காதல். விலகியவரைக் கண்டிப்போர் முன்னதையும், ஆதரிப்போர் பின்னதையும் பற்றி நிற்பர். பிரித்தானிய அரச குடும்பத்தில் 1936 இலும் 2020 இலும் நிகழ்ந்த இரு விலகல்களும் இவ்வாறே விவாதிக்கப்பட்டன. விலகிய இருவரும் தத்தம் கதையை நூலாக்கினர். முன்னாள் மன்னர் எட்டாம் எட்வேர்ட் 1951 இல் ‘ஒரு மன்னனின் கதை’ எனப் பொருள்படும் தலைப்பிலும், ஹரி இளவரசர் 2023 ஜனவரியில் ‘ஸ்பெயர்’ என்ற தலைப்பிலும் வெளியிட்ட நூல்கள் அவை. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கின், கடமையா காதலா என்னும் வினாவே பிழையானது என்பது புலனாகும்.

எட்வேர்ட் 1936 ஜனவரி 20 ஆந் திகதி மன்னரானார். ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்தவரும், ஒருமுறை மணவிலக்குப் பெற்று இரண்டாம் மணவிலக்கை நாடி நின்றவருமான வொலிஸ் சிம்ப்சனை மணக்க விரும்பினார். பிரதமர் ஸ்ரான்லி போல்ட்வினின் அரசாங்கம் அதற்கு இணங்கவில்லை. டிசெம்பர் 10 இல் மன்னர் முடிதுறப்பு ஆவணத்திற் கையொப்பமிட்டார்; மறுநாள் நாடாளுமன்றச் சட்டமொன்றினால் அது நிறைவேறியது. அன்றிரவு வானொலியில் உரையாற்றிய அவர், தாம் நேசிக்கும் பெண்ணின் துணையின்றி அரச பாரத்தைச் சுமத்தல் தமக்கு இயலாது என்றார். காதலுக்காக முடிதுறந்த மன்னன் என்னும் படிமம் அவ்வுரையிலேயே உருப்பெற்றுவிட்டது.

ஆயின் அதற்குச் சில வாரங்களின் முன்னர், நவம்பர் மாதத்தில், அவர் தென் வேல்சின் டவ்லைஸ் நகருக்குச் சென்றிருந்தார். இரும்பாலை மூடப்பட்டு வேலையிழந்து நின்ற மக்களைக் கண்டு இரங்கினார். ஏதாவது செய்தாக வேண்டும் என்ற கருத்துப்படப் பேசினார். மன்னரின் இரக்கத்தைப் பலர் மெச்சினர். அவர் விலகியபோது தொழிலாளர் தம் நண்பரை இழந்தனர் என்று வருந்தியோரும் உளர். அம்மக்களுக்கு வேலை தரும் அதிகாரம் அரியணையிலிருந்த மன்னருக்கும் இல்லை, விலகிய கோமகனுக்கும் இல்லை என்பதை அவ்விவாதம் கருத்திற் கொள்ளவில்லை. கடமை எனப்பட்டது செயலன்று, செயலின் தோற்றமே.

அமெரிக்கப் பத்திரிகையாளர் சாள்ஸ் மேர்பியின் உதவியோடு எழுதப்பெற்ற எட்வேர்டின் நூல், அடக்கமான நடையும் ஒழுங்கான அமைப்பும் உடையது. எனினும் அது முடியும் இடம் கூர்ந்து நோக்கத்தக்கது. 1936 டிசெம்பரில் நாட்டைவிட்டு நீங்கும் இடத்தோடு கதை நின்றுவிடுகின்றது. 1937 ஒக்டோபரில் மனைவியுடன் ஜேர்மனிக்குச் சென்று ஹிட்லரைச் சந்தித்தமை நூலின் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டுள்ளது. காதற் கதையின் நாயகனைக் காப்பதற்கு அவ்வெல்லை பெரிதும் துணைபுரிகின்றது.

ஹரியின் நூல் இதற்கு மறுதலையானது. அடக்கம் அதன் பண்பன்று. தலைப்பே ஒரு குற்றச்சாட்டு: மூத்தவன் முடிக்கு உரியவன், இளையவன் அவனுக்கு மாற்றாக வைக்கப்பட்ட மேலதிகப் பொருள். ஜே. ஆர். மோரிங்கரின் எழுத்துத் துணையோடு உருவான இந்நூலின் சிறந்த பகுதி, 1997 இல் தாய் டயானாவை இழந்த 12 வயதுச் சிறுவனைப் பற்றியதாகும். உலகம் பார்த்திருக்கத் தாயின் பேழைக்குப் பின்னால் நடந்தமை, தாய் இறக்கவில்லை, எங்கோ மறைந்து வாழ்கிறாள் என நெடுங்காலம் நம்பியமை, 23 ஆம் வயதில் பரிஸ் நகரின் அதே சுரங்கப்பாதையூடாக அதே வேகத்தில் தம்மைக் கொண்டுசெல்லுமாறு சாரதியைக் கேட்டமை ஆகியவற்றை வாசிப்போர் எளிதில் மறவார். துக்கத்தையும் பொதுநிகழ்ச்சியாக்கும் ஒரு நிறுவனத்தின் இயல்பு, விளக்கவுரை எதுவுமின்றி அங்கே வெளிப்படுகின்றது.

பிற்பகுதியில் நூல் தன் வலிமையை இழக்கின்றது. துன்பத்தின் காரணத்தைத் தேடவேண்டிய இடத்தில் தமையன், சிற்றன்னை, அரண்மனை அலுவலர், செய்தியாளர் என ஆட்களின் பட்டியல் நீள்கின்றது. பத்திரிகைகள் மீதான முறைப்பாட்டில் நியாயம் உண்டு. 2023 டிசெம்பரில், மிரர் பத்திரிகைக் குழுமத்துக்கு எதிரான வழக்கில் இலண்டன் உயர் நீதிமன்றம் அவருக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. ஆயினும் முடியாட்சி என்னும் கருத்தோடு தமக்குப் பிணக்கில்லை என்று ஆசிரியர் நூலிலேயே கூறிவிடுகின்றார். ஒருவனை மேலதிகப் பொருளாக்குவது பிறப்புரிமை விதியன்றி வேறெது? அவ்விதியை ஏற்றுக்கொண்டு அதன் விளைவை மட்டும் வெறுப்பதே இந்நூலின் அடிப்படை முரண்பாடாகும்.

முடிதுறத்தல் என்ற தமிழ்ச் சொல்லில் துறவு என்னும் பொருள் கலந்துள்ளது. இவ்விருவரும் துறவாதது பெயரை. எட்வேர்ட் இறுதிவரை வின்சர் கோமகனாகவே வாழ்ந்தார். தம் மனைவிக்கு அரச மரபுக்குரிய உயர் விளிப்பு 1937 இல் மறுக்கப்பட்டமை அவரைப் பெரிதும் வருத்தியது. ஹரியும் கோமகன் பட்டத்தை உடையவர். முடியுரிமை வரிசையிலும் தொடர்ந்து இடம்பெறுபவர். 2020 ஜனவரி 8 ஆந் திகதி அறிவிப்பில் பொருளாதாரச் சுதந்திரத்தை நாடிய அவருக்குச் சந்தையில் விலைபோகக்கூடியதாக இருந்தது தம் பிறப்பின் கதையே. பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளில் முதல் நாளிலேயே 14 இலட்சத்துக்கும் மேற்பட்ட படிகள் விற்பனையாகின. அரண்மனை வாயிலைக் கடந்தவர் அரச மரபைக் கடந்தாரல்லர்.

இதனைப் போலித்தனம் எனக் கண்டிப்போர் பலர். அவர்களின் நிலைப்பாடும் ஆராயத்தக்கதே. ஹரி தம்பதியரின் புறொக்மோர் இல்லத்தைப் புதுப்பிக்கப் பொதுநிதியிலிருந்து 24 இலட்சம் பவுண் செலவிடப்பட்டமை கடும் விமர்சனத்துக்குள்ளாயிற்று. 2020 இல் அத்தொகை திருப்பிச் செலுத்தப்பட்டது. பொதுப்பணத்துக்குக் கணக்குக் கேட்பது முறையே. ஆனால் விலகிச் செல்பவரிடம் மாத்திரம் கணக்குக் கேட்டு, நிலைத்திருக்கும் நிறுவனத்திடம் கேளாதிருப்பது முறையன்று.

பிறப்பினால் ஒருவருக்குத் தொழில் விதிக்கப்படலாகாது என்பது இக்காலம் கொள்கையளவிலேனும் ஏற்றுக்கொண்ட ஒன்று. கொல்லன் மகன் கொல்லனாகவே இருத்தல் வேண்டுமென வெளிப்படையாக வாதிடத் துணிவோர் இன்று குறைவு. குலத்தொழிலை மறுக்கும் அதே சமுதாயம், ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் மட்டும் பிறப்பினால் விதிக்கப்பட்ட தொழிலைச் செய்தே ஆகவேண்டும் என்று கேட்கின்றது. மறுப்போரைக் கடமை தவறியோர் என்கின்றது. பிறப்பு ஒருவரைத் தாழ்த்தினும் உயர்த்தினும் விதி ஒன்றே. தாழ்த்தப்பட்டோருக்கு அது வறுமையையும் இழிவையும் தருகின்றது. உயர்த்தப்பட்டோருக்குச் செல்வத்தைத் தந்து தெரிவினைப் பறிக்கின்றது. இவ்விரு துன்பங்களும் நிகரானவையல்ல. எனினும் இரண்டாவதை நியாயப்படுத்துவோர் முதலாவதை முற்றாக மறுத்தல் இயலாது.

எட்வேர்டின் நூல் இவ்வினாவை எழுப்பவேயில்லை. ஹரியின் நூல் தாயை இழந்த சிறுவனின் வாயிலாக அதனை உணரச் செய்து, பின்னர் அதிலிருந்து விலகிச் செல்கின்றது. அவ்வளவில் பின்னது முன்னதிலும் மேலான நூல் எனலாம். இருவருள் எவர் கடமை தவறினார் என்று தீர்ப்பளிப்பது திறனாய்வின் பணியன்று. எவரும் ஒரு கடமைக்கெனப் பிறத்தல் தகுமா என்னும் வினாவினையே இந்நூல்களை வாசிப்போர் எழுப்புதல் வேண்டும்.