பாதிச் சூத்திரம்

தலைப்பு வைக்கிற விஷயத்தில் தமிழ் எம்.ஏ. படித்தவனை நம்பக் கூடாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நண்பர் ஒருவர் தன் முதல் சிறுகதைத் தொகுப்பைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்து, 'தலைப்பு மட்டும் அமையல தோழர், பாத்துச் சொல்லுங்க' என்றார். அன்று இரவே குறுந்தொகையைப் புரட்டி அழகான ஒரு தொடரைப் பிடித்தேன். அவர் பார்த்துவிட்டு, 'நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க தெருவுல இத எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்க மாட்டாங்க. இது உங்க தலைப்பு' என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. 'ஏன், சிவகாமி வைக்கலியா?' என்று கேட்டேன். வாதத்துக்காகக் கேட்டதுதான். பிறகு யோசிக்க யோசிக்க அந்த உதாரணம் எனக்கு எதிராகவே திரும்பியது.

ப. சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989இல் வந்தது. நன்னூலின் கடைசிச் சூத்திரத்து முதல் இரண்டு சொற்கள். பழையது போவதும் புதியது வருவதும் காலத்தின் இயல்பு, குற்றமல்ல என்று பவணந்தி மொழியைப் பற்றிச் சொன்ன இடம். வகுப்பறையிலிருந்து போகிப் பண்டிகை வரைக்கும் சமாதானமாக ஒப்பிக்கப்படுகிற வரி. சிவகாமி அதைப் பாதியில் வெட்டுகிறார். புதியது புகுகிற பாதி அட்டையில் இல்லை. 'உம்' இங்கே எண்ணும்மை. தனியே நிற்காது, கூட இன்னொன்றைக் கேட்கும். அது வரவேயில்லை. ஏன் வரவில்லை என்பது நாவலுக்குள் தெரிகிறது. சாதி இந்துக்களால் அடித்து நொறுக்கப்பட்ட தங்கம் நியாயம் கேட்டுக் காத்தமுத்துவிடம் வருகிறாள். அவர் தலித் தலைவர், இரண்டு பெண்டாட்டிக்காரர். அந்த வீட்டிலேயே அவள் மூன்றாவதாகிறாள். எந்தப் பழையது கழிந்தது? பின்னால் எழுதிய 'ஆசிரியர் குறிப்பு' இந்த நாவலையே விசாரணைக்கு இழுக்கிறது.

அவர் புலவர் மொழியை உடைத்தார். நான் செய்தது பொன்னாடை போர்த்துகிற வேலை. எழுதியவனின் தெருவை மறைத்துப் படித்தவனின் வாசனையை அட்டையில் தடவுவது. பாமா 1992இல் 'கருக்கு' என்று வைத்தபோது பனைமட்டையின் ஓரமே போதுமானதாக இருந்தது. எந்தப் பாட்டனின் ஏடும் தேவைப்படவில்லை.

சிவகாமியிடம் எனக்கு ஒரு குறை உண்டு. நாவலை அவரே மொழிபெயர்க்க, 2006இல் அது 'தி கிரிப் ஆஃப் சேஞ்ச்' என்று ஆங்கிலத்தில் வந்தது. மாற்றத்தின் பிடி. தமிழ் அட்டை சொல்லாமல் விட்டதை இது சொல்லிவிடுகிறது. நன்னூல் தெரியாத வாசகருக்கு வேறென்ன செய்வது என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனாலும் அந்தரத்தில் நின்ற 'உம்'மில் இருந்த ஏளனம் போய்விட்டது. 'கருக்கு' 2000இல் ஆங்கிலத்துக்குப் போனபோதும் 'கருக்கு' என்றேதான் போனது.

போன வாரம் நண்பர் மறுபடி வந்திருந்தார். ஆறாவது கதையில் கிழவி வைகிற ஒரு சொல்லையே புத்தகத்துக்குப் பெயராக வைத்துவிட்டார். பதிப்பாளர் முகம் சுளிக்கிறாராம், 'கொஞ்சம் இலக்கியமா' வேண்டுமாம். அச்சுப்பிழை மட்டும் பார்த்துத் தருகிறேன் என்று கட்டை வாங்கி வைத்திருக்கிறேன்.